ஸ்விம்பெய்ட்டுக்குரிய கோலும் ரீலும்: பொறிப்பியல் நோக்கில் ஒரு தேர்வாய்வு

பாயிரம்

லார்ஜ்மவுத் பாஸ் என்னும் பெருவாய் நன்னீர் மீனைப் பிடிக்கப் பயன்படும் பொய்யிரைகளுள், மெய்யான ஒரு மீனின் உருவமும் பருமனும் நீச்சல் நடையும் அமையச் செய்யப்படுவது ஸ்விம்பெய்ட் எனப்படும். பிற பொய்யிரைகள் மீனுக்குச் சினமூட்டியோ ஆவலூட்டியோ கவ்வச் செய்ய, இஃது ஒரு முழுச் சாப்பாடாகவே தன்னை முன்வைத்துக்கொள்வதால், 3 அங்குல ரப்பர் மீன் முதல் 10 அங்குல மரமீன் வரை நீளத்திலும், கால் அவுன்சு முதல் 10 அவுன்சு வரை எடையிலும் பரந்து கிடக்கிறது. ஓர் அவுன்சு என்பது 28 கிராமுக்குச் சற்று மேற்பட்டதாகலின், இவற்றுள் பெரியதைக் கட்டி வீசுவது கால் கிலோ கத்தரிக்காயை நூலில் கட்டி ஏரிக்குள் எறிவதற்கு ஒப்பாகும். அக்கத்தரிக்காயை எந்தக் கோலால் எறிவது, எந்த ரீலால் மீட்பது என்னும் வினாவே இவ்வாய்வு நுதலிய பொருள்.

வினா பிறந்த நிலம் தென் கலிபோர்னியா. 1959-இல் சான் டியேகோவின் நீர்த்தேக்கங்களுக்குப் புளோரிடாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பாஸ் இனம், ஏற்கெனவே அங்கிருந்த வடபுல இனத்தைவிடப் பெரிதாக வளரும் இயல்புடையது. தென் கலிபோர்னிய நீர்த்தேக்கங்கள் பலவற்றில், குளிர்காலத் தூண்டில்காரர்களின் மகிழ்ச்சிக்கென லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டப்பட்ட ரெயின்போ டிரவுட் மீன்களோ, பண்ணைத் தொட்டியில் வளர்ந்தமையால் பகை என்பதை அறியாதவை. தூண்டில்காரர்களுக்கென விடப்பட்ட மீனைப் பாஸ்கள் தமக்கென விடப்பட்டதாகப் பொருள்கொண்டு தின்று கொழுத்தன. டிரவுட் தின்று பழகிய வாய்க்கு டிரவுட்டையே காட்டவேண்டும் என்று துணிந்தோருள் ஆலன் கோல் முதன்மையானவர். அவர் செய்த ஏ.சி. பிளக் என்னும் மரமீனும், பின்வந்த 8 அங்குல ஹடில்ஸ்டன் மென்டிரவுட்டும், ஜப்பானிலிருந்து வந்த 178 மில்லிமீட்டர் ஜாயின்டட் கிளாவும், 250 மில்லிமீட்டர் ஸ்லைடு ஸ்விம்மரும் இத்துறையின் செல்வங்கள். 2007-இல் கிளியர் லேக் போட்டியில் ஸ்டீவ் கென்னடி நான்கு நாளில் 122 பவுண்டு 14 அவுன்சு பாஸ் பிடித்து வென்றதில் ஸ்விம்பெய்ட்டுக்கும் பங்குண்டு என்றானபின், அதுவரை கிறுக்கர் சிலரின் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட இம்முறை ஒரு துறையாயிற்று. துறை என்றானதும், வழக்கம்போல, துறைக்குள் சண்டை தொடங்கிற்று.

இப்பொருள் குறித்து முன்னோர் ஒன்றும் கூறிற்றிலரோ எனின், கூறினர். ஒருவர் கூற்றை மற்றொருவர் ஒப்பவில்லை என்பதே இடர். படகின் முன்தட்டில் நின்று வீசுவோர் ஒரு மரபினர். பின்தட்டில் நின்று, முன்னவர் வீசி முடித்த நீரிலேயே வீச விதிக்கப்பட்டோர், அவரை மறுப்பதையே கொள்கையாகக் கொண்ட மற்றொரு மரபினர். கரையில் நின்று வீசுவோர், அவ்விரு சாராரும் மேற்கோள் காட்டாத மூன்றாம் மரபினர். இவ்வாய்வில் இனி முன்தட்டார், பின்தட்டார், கரையார் எனச் சுட்டப்படுவோர் இவர்களே.

நடைமுறைத் தூண்டில்காரர் சிலர் இத்துறை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்குவர். இரையைச் சமையலறைத் தராசில் நிறுத்து, அவ்வெடை கோலில் அச்சிட்ட எடை வரம்பின் நடுவில் விழுமாறு பார்த்து, 8 அடிக்குச் சற்றுக் குறைந்த கோல் ஒன்றையும், 20 அல்லது 25 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பைத் தாராளமாகச் சுற்றிக்கொள்ளும் ரீல் ஒன்றையும் வாங்கினால் போதும் என்பது அவர் துணிபு. இத்துணிபு முற்றிலும் சரியானது. எனினும், ஒரு வாக்கியத்துக்கு முனைவர் பட்டம் வழங்கும் வழக்கம் யாண்டும் இல்லையாதலின், ஆய்வு மேலே தொடர்கிறது.

கோலியல்

ஸ்விம்பெய்ட் கோலின் நீளம் ஏழரை அடி முதல் எட்டடி வரை அமைதல் பெருவழக்கு. கனத்த இரையைச் சிறு கோலால் சொடுக்கி எறிந்தால் நரம்பு அறும். ஆகவே இரு கையாலும் பிடித்து, அகன்ற வளையமாகச் சுழற்றி, கோல் மெல்ல வளைந்து மெல்ல நிமிரும் விசையிலேயே இரையைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. இரு கைப் பிடியின் பொருட்டே ரீலுக்குப் பின்னுள்ள கைப்பிடியும் முழங்கையைத் தாண்டி அக்குளை எட்டும் அளவுக்கு நீள்கிறது. தொலைவில் கவ்விய மீனின் வாயில் முள் ஏறவேண்டுமாயின், தொய்ந்து கிடக்கும் நரம்பு முழுவதையும் ஒரே வீச்சில் இழுத்தெடுக்கவேண்டும் என்பதும் நீளத்துக்கு மற்றொரு காரணம்.

கடைகளில் 8 அடிக் கோலினும் 7 அடி 11 அங்குலக் கோல் மலிந்து காணப்படுவது அறிஞர் பலரின் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அந்த ஓர் அங்குலம் எங்கே போயிற்று? 1970-களில் கலிபோர்னியாவின் டீ தாமஸ் 12 அடிக் கோலொன்றைக் கொண்டு கோரைப்புதர்களுக்குள் இரையை இறக்கி, போட்டிகளில் பிறரை வருத்தினார் என்பதும், வருந்தியோர் முறையிட்டதன் பயனாக ஏழரை அடி வரம்பு வந்தது என்பதும், நாட்டின் பெரிய போட்டிகளில் 8 அடி வரம்பு நெடுங்காலம் நிலவியது என்பதும் வரலாறு. நடுவரின் அளவுநாடா ஒரு நூலளவு பிசகினாலும் கோல் தகுதியிழக்கும் என்னும் அச்சத்தால் ஓர் அங்குலம் குறைத்தனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இது எளிமையாகவும் இயல்பாகவும் இருப்பதால் முன்தட்டார் இதனை ஏற்பதில்லை. 7 அடி 11 அங்குலம் என்பதில் ஒரு நுட்பம் இருப்பதுபோலத் தோன்றுகிறது, நுட்பம் இருப்பதுபோலத் தோன்றும் பொருளுக்கு விலை கூட்டலாம் என்பது அவர்களுள் விற்பனையோடு தொடர்புடையோர் கருத்து, இக்கருத்து ஆராயத்தக்கது.

இனி, வலுவும் வளைவும் வேறு வேறு என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். கோல் வளைய எவ்வளவு விசை வேண்டும் என்பது வலு. எவ்விடத்தில் வளைகிறது என்பது வளைவு. நுனியில் மட்டும் வளைவதை ஃபாஸ்ட் என்றும், நடுவரை இறங்கி வளைவதை மாடரேட் என்றும் வழங்குவர். வயிற்றின் கீழ் மும்முனை முட்கள் தொங்கும் இரைக்கு நடுவரை வளையும் கோலே பொருந்தும். மீன் நீருக்கு மேல் எழுந்து தலையை உதறும்போது கோல் விட்டுக்கொடுக்காவிடில், அச்சிறு முட்கள் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். தடித்த ஒற்றை முள் பதித்த மென்னிரைக்கோ, அம்முள்ளை மீனின் தாடையில் ஏற்றுவதற்கு அடிப்பகுதி விறைத்த கோல் வேண்டும். இவ்வேறுபாடு உண்மையானதும் பயன்மிக்கதும் ஆகையால், இதுபற்றி மூன்று மரபினரும் ஏறக்குறைய ஒன்றும் எழுதவில்லை.

நிறவியல்

கோலின் நிறம் குறித்து மீன் கருத்துத் தெரிவித்ததில்லை.

பொறிப்பியல்

கைப்பிடிக்குச் சற்று மேலே, கோலின் உடலில், பூச்சுக்கு அடியில் பொறிக்கப்பட்டிருக்கும் ஓரிரு வரிகளே இத்துறையின் மூலநூல். அதன் வாசகம் பெரும்பாலும் ‘7 அடி 11 அங்குலம், வலு எச், வளைவு எம்.எஃப்.; இரை 2–6 அவுன்சு; நரம்பு 15–30 பவுண்டு’ என்றாற்போல அமையும்; எம்.எஃப். என்பது மாடரேட் ஃபாஸ்ட். இதற்கு மெய்க்கீர்த்தியாக நிறுவனத்தின் பெயர் முன்னேயும், ஓம்படைக்கிளவியாக உத்தரவாத நிபந்தனை பின்னேயும் வரும். பிந்தையது கோலில் இராமல், கோலை வாங்கியவர் தூக்கியெறிந்த அட்டையில் இருப்பது மரபு.

முதற்சிக்கல் எச். இது ஹெவி என்பதன் சுருக்கம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எத்துணை விசைக்கு வளைவதை ஹெவி என்பது என்பதற்குத்தான் தொழில் முழுமைக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றும் இல்லை. ஒரு நிறுவனத்தின் எச் மற்றொரு நிறுவனத்தில் எம்.எச்., அதாவது மீடியம் ஹெவி, ஆகிவிடுகிறது, ஒரே நிறுவனத்தின் மலிவு வரிசையிலும் உயர்வரிசையிலும் எழுத்து ஒன்றாக, வலு வேறாக இருப்பதும் உண்டு. இக்குறையை நிறைக்க எச்சுக்கு முன்னே ஓர் எக்ஸ் சேர்த்தனர். அதுவும் போதாதபோது மற்றோர் எக்ஸ் சேர்த்தனர். இந்த எக்ஸ் மிகுதிப்பொருள் தரும் உரிச்சொல் என்பது பழைய உரை. பொருளின்றி நிற்கும் அசைநிலை என்பது அதன் மறுப்பு. முதல் எக்ஸ் உரிச்சொல், இரண்டாம் எக்ஸ் அசைநிலை என்பது, இருவரிடமும் பாடம் கேட்டு இருவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத மாணவர் கண்ட சமரசம். அம்மாணவர் பின்னாளில் பேராசிரியரானார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் சிக்கல் ‘2–6’. இங்குள்ள சிறுகோடு முதலும் ஈறும் உட்பட்டதைக் குறிக்குமா, அன்றி இடைப்பட்டதை மட்டுமா என்னும் வினாவை முதலில் எழுப்பியவர் பின்தட்டு உரைகாரர். 2 அவுன்சு இரையைக் கட்டி வீசினால் அக்கோல் வளைவதேயில்லை, வளையாத கோல் எறிவதுமில்லை, ஆகவே 2 என்பது உயர்வுநவிற்சி என்பார் அவர். 6 அவுன்சைக் கட்டிச் சொடுக்கினால் கோல் முறியக்கூடும், மெல்லத் தள்ளினால் பிழைத்துக்கொள்ளும், ஆகவே 6 என்பது நிபந்தனைக்கு உட்பட்டது என்பார் முன்தட்டு உரைகாரர். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்து நோக்கின், 3 முதல் 5 வரையுள்ள எடையே அக்கோலுக்கு உகந்தது என்பது வெளிப்படை. ஆயினும் பின்தட்டு உரைக்கு எழுந்த முன்தட்டு மறுப்பும், அம்மறுப்பின் அடிக்குறிப்புக்கு எழுந்த அடிக்குறிப்பும், அவ்வடிக்குறிப்பைப் பாராட்டி அதை எழுதியவரே புனைபெயரில் வரைந்ததாக ஐயுறப்படும் மதிப்புரையும், அம்மதிப்புரையைச் சான்றாகக் காட்டி அவரே பின்னர் எழுதிய இரண்டாம் பதிப்பின் முன்னுரையும் என இவ்விலக்கியம் பெருகிவிட்டமையால், 3 முதல் 5 வரை என்னும் முடிவு அதனடியில் புதைந்து, அண்மைக்காலத்தில் மீண்டும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

இரையின் எடை என்பது எதன் எடை என்பது இதன் கிளைச்சிக்கல். பெட்டியில் அச்சிட்ட எடை முட்களும் வளையங்களும் சேர்ந்ததா, சேராததா என்பதைப் பெட்டி கூறுவதில்லை. வாங்கியவர் தொழிற்சாலை முட்களைக் கழற்றிவிட்டுத் தடித்த முட்களை மாட்டுவதும், இரை சற்றுக் கீழே இறங்கி நீந்துதற்பொருட்டு அதன் வயிற்றில் ஈயத்தகடு ஒட்டுவதும் வழக்கமாகலின், பெட்டியின் எடை வரலாற்று மதிப்பு மட்டுமே உடையது. இதற்குச் சமையலறைத் தராசே மருந்து என மேலே கூறப்பட்டது. தராசு வீட்டில் வேறொருவர் பொறுப்பில் இருப்பதால் எழும் இடர்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் அடங்கா.

மூன்றாம் சிக்கல் சிதைவு. கோலைப் பற்றும் கை பொறிப்பின்மேல் படுவதாலும், படகின் விளிம்பில் சாய்த்து வைப்பதாலும், வெயிலாலும் எழுத்து தேய்கிறது. பழைய கோல்களில் ‘2–6’ என்பதன் 2 மறைந்து ‘–6’ என நிற்பதுண்டு. இரையின் எடை சுழியத்துக்குக் கீழே போகுமோ எனக் குழம்பியோர் உளர். இத்தகைய கோல்களின் பொறிப்பை மைப்படி எடுத்து, அதாவது ஈரத்தாளை எழுத்தின்மேல் ஒற்றி மையிட்டுப் படியாக்கி, பாதுகாத்தல் வேண்டும் என்பது கரையாரின் நெடுநாள் கோரிக்கை. அவ்வாறு எடுத்த படிகளை எடுத்தவர் தம் அலமாரியில் பூட்டி, இதோ வெளியிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே பணி ஓய்வும் பெற்றுவிடுவது உயர்ந்த துறைகளில் ஏற்கெனவே நிலைபெற்ற மரபு; தூண்டிற்கோல் துறை இன்னும் அந்நிலையை எய்தவில்லை என்பது வருந்தத்தக்கது.

பொறிப்பே எண்ணாகச் சுருங்கி நிற்பதும் உண்டு. டோபின்ஸ் நிறுவனத்தின் கோல்களில் 795, 806 எனக் காணப்படுபவை வெறும் வரிசை எண்கள் அல்ல. முதலிரு இலக்கங்கள் நீளத்தையும் ஈற்றிலக்கம் வலுவையும் குறிப்பன. 795 என்பது 7 அடி 9 அங்குலம், வலு 5. 806 என்பது 8 அடி, வலு 6. மிகத் தெளிவான, ஐயத்துக்கு இடமில்லாத இம்முறை அறிஞரிடையே செல்வாக்குப் பெறவில்லை.

ரீலியல்

ரீல்களுள் ஸ்பின்னிங் வகை அரை அவுன்சுக்கு உட்பட்ட இரைக்குப் போதும்.

பெய்ட்காஸ்டிங் வகையில், நரம்பு சுற்றிய உருளை கோலுக்குக் குறுக்காகக் கிடந்து, வீசும்போது தானே சுழன்று நரம்பை வெளிவிடும். இதில் உருண்டை உடலினது, தாழ்ந்த உடலினது என இரு கிளைகள். உருண்டை ரீல் உறுதியானது, நரம்பை மிகுதியாகக் கொள்வது. தாழ்ந்த ரீல் உள்ளங்கையில் அடங்குவது, மணிக்கட்டை வருத்தாதது. நாள் முழுதும் வீசுபவர் மணிக்கட்டையும், நாள் முழுதும் பேசுபவர் உறுதியையும் காரணம் காட்டுவர். இரண்டிலும் 300 அல்லது 400 எனக் குறிக்கப்படும் பருமன் பெரிய இரைக்கு ஏற்றது.

பல்சக்கர விகிதம் பற்றி ஒரு கணக்கு இங்கு வேண்டப்படும். 6.3:1 என்பது கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை 6.3 முறை சுழலும் என்பதைக் குறிக்கும். இழுக்கும் வேகத்தைக் குறிப்பதன்று. நரம்பு நிறைந்த உருளையின் விட்டம் 4 சென்டிமீட்டர் எனின், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 79 சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வரும். நெடுந்தொலைவு வீசியதால் விட்டம் 3 சென்டிமீட்டராகக் குறைந்திருப்பின், அதே ரீல், அதே கை, அதே சுற்று 59 சென்டிமீட்டரைத்தான் கொணரும். ஆகவே இரை தொலைவில் மெதுவாகவும் அருகே வர வர விரைவாகவும் நீந்துகிறது. தூண்டில்காரர் தாம் ஒரே வேகத்தில் சுற்றுவதாக நம்பிக்கொண்டிருக்க, இரை படகை நெருங்கும்போது தப்பியோடும் மீன்போல விரைவதும், பாஸ் அந்த இடத்திலேயே பாய்வதும் நிகழ்ந்தால், அது திறமை என்று பதிவுசெய்யப்படும். நீரை மிகுதியாக உந்தும் பெரிய இரையைச் சலிக்காமல் இழுக்க 5-ஐ ஒட்டிய தாழ்விகிதமும், கைப்பிடியைக் கால் சுற்று, அரைச் சுற்று எனத் தட்டித் தட்டி இரையை இடமும் வலமும் சறுக்கவிட்டு, இடையில் தொய்யும் நரம்பை விரைந்து எடுக்க 7-ஐ ஒட்டிய உயர்விகிதமும் பொருந்தும் என்பது இதன் பயன்.

இனி, இவ்வாய்வின் தலையாய பங்களிப்பு எனக் கருதத்தக்க 1921 கருதுகோள். உருண்டை ரீல்களுள் புகழ்மிக்க ஆம்பாசடர் வரிசையைச் செய்த ஸ்வீடனின் ஆபு நிறுவனம், ஸ்வெங்ஸ்டா என்னும் ஊரில் கடிகாரத் தொழிற்சாலையாக 1921-இல் தோன்றியது. வாடகைக் காருக்குக் கட்டணம் காட்டும் மீட்டரும் செய்து, பின்னரே ரீலுக்கு வந்தது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், சாக்காய் என்னும் ஊரில் சைக்கிளின் ஃப்ரீவீல் செய்யும் பட்டறையாக அதே 1921-இல் தோன்றியது. 1970-இல்தான் தூண்டில் பொருள்களுக்குத் திரும்பியது. கடிகாரமும் பல்சக்கரம், ஃப்ரீவீலும் பல்சக்கரம், ஆண்டும் ஒன்று. இம்மட்டோ? வலக்கைப் பிடி ரீலுக்கு ஈற்றிலக்கம் 0, இடக்கைப் பிடிக்கு 1 என்னும் வழக்கு இரண்டிலும் காணப்படுகிறது. ஆம்பாசடர் 6500 வலக்கைக்கும் 6501 இடக்கைக்கும் உரியன; ஷிமானோவின் டிராங்ஸ் 400 வலக்கைக்கும் 401 இடக்கைக்கும் உரியன.

இவ்வொற்றுமையைத் தற்செயல் என்று தள்ளுவோர் உளர். அன்னார் தாய்ப்பற்று இல்லாதவர் என்பதோடு அவர் கூற்றை விடுத்து மேலே செல்லலாம். ஸ்வீடனுக்கும் ஜப்பானுக்கும் நடுவே, இரு நிறுவனங்களுக்கும் தாயாக, எல்லாப் பல்சக்கரங்களும் பிறந்த தொல் தொழிற்சாலை ஒன்று இருந்திருத்தல் வேண்டும். அஃது இன்று காணப்படாமையின் கடல்கொண்டது எனக் கொள்ளல் வேண்டும். கடல்கொண்டதற்குச் சான்று யாது எனின், சான்றையும் கடல்கொண்டது என்பதே விடை. இரு நிறுவனங்களுக்கும் இடையே கிடப்பது பெரும்பாலும் நிலமே, கடலன்று என்பது ஒரு தடை. அந்நிலம் அந்நாளில் கடலாக இருந்தது என்பது அத்தடைக்கு விடை. முதற்கருதுகோளைக் காப்பதற்கு எழுந்த இத்துணைக் கருதுகோள்கள் தனி நூலாக விரிவதால் ஈண்டு விடப்படுகின்றன. வலக்கைப் பழக்கமுடைய தூண்டில்காரர் பலர் வலக்கையால் வீசிவிட்டு, உடனே கோலை இடக்கைக்கு மாற்றி, மறுபடி வலக்கையால் சுற்றுவது ஏன் என்னும் புதிரும் அத்தொல் தொழிற்சாலையின் வழிபாட்டு மரபோடு தொடர்புடையதாகலாம். அன்றிப் பழக்கமாகவும் இருக்கலாம்.

நரம்பியல்

நைலான் அல்லது ஃப்ளூரோகார்பன் ஒற்றையிழையாயின் 20 முதல் 25 பவுண்டு. பின்னல் நரம்பாயின் 65 முதல் 80 பவுண்டு. மீனின் பல்லுக்கோ பலத்துக்கோ அஞ்சி இத்தனை தடித்த நரம்பு இடப்படுவதாக எண்ணுவது தொடக்க மாணவர் பிழை. அஞ்சப்படுவது வீசும் கணம்.

அக்கணத்தைச் சற்று அணுகி நோக்குதல் தகும். இரை கோலின் நுனியிலிருந்து இரண்டு மூன்றடி கீழே தொங்குகிறது. வலப்பெருவிரல் உருளையின்மேல் அழுந்தியிருக்கிறது. இடக்கை பின்கைப்பிடியின் அடியைப் பற்றியிருக்கிறது. கோல் பின்னே போய், இரையின் கனத்தால் இழுபட்டு, நடுவரை வளைந்து முன்னே வருகிறது. பெருவிரல் விடுகிறது. இரை பறக்க, உருளை சுழல்கிறது; வீசியவர் அவசரப்பட்டுச் சொடுக்கியிருப்பின், நரம்பு வெளியேறுவதைவிட உருளை விரைந்து சுழன்று, மேற்சுற்றுகள் தளர்ந்து எழும்பி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இறுகி, உருளை திடீரென்று நின்றுவிடுகிறது. இரை நிற்பதில்லை. ‘டப்’ என்னும் ஓசை கேட்கும்போது, நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய கையால் செய்த மரமீன், முன்னெப்போதும் எட்டாத தொலைவை எட்டி, ஏரியின் நடுவில், கட்டுகள் ஏதுமின்றி வீழ்கிறது. மிதக்கும் வகையாயின் மோட்டாரை முடுக்கிச் சென்று எடுக்கலாம். மூழ்கும் வகையாயின், அது மூழ்கும் வகை.

இவ்வாறு உருளை மிஞ்சிச் சுழல்வதைப் பேக்லேஷ் என்பர். இதனைத் தடுக்க ரீலினுள் காந்தத்தாலோ, சுழற்சியின்போது வெளித்தள்ளப்படும் சிறு கட்டைகளாலோ இயங்கும் தடை அமைக்கப்பட்டிருக்கிறது. தடையைக் கூட்டி வைத்துக்கொண்டு மெல்ல வீசுவதே அறிவுடைமை என்று எழுதாத உரைகாரர் இல்லை. தடையைக் கூட்டி வைத்துக்கொண்டு வீசும் உரைகாரர் எவரும் அறியப்படவில்லை.

விலக்கப்பட்ட சான்றுகள்

ஆய்வின் முடிவுகளுக்கு ஒவ்வாத சான்றுகளை விலக்குவதற்கு முன் அவற்றைக் குறிப்பிடுதல் நாகரிகமாதலின், பெயர்பெற்ற பெரும் பாஸ்கள் பற்றிய சில ஈண்டுத் தரப்படுகின்றன. 1991-இல் கஸ்டாயிக் ஏரியில் பாப் குரூப்பி பிடித்த, 22 பவுண்டைத் தொட்ட பாஸ் உயிருள்ள நன்னீர் இறாலுக்கு வந்தது; ஆகவே விலக்கப்பட்டது. 2006-இல் எஸ்கொண்டிடோவின் டிக்சன் ஏரியில் மேக் வீக்லி தூக்கிய மீன் கைத்தராசில் 25 பவுண்டு 1 அவுன்சு காட்டிற்று. அது ஜிக் என்னும் ஈயத்தலை இரையில், அதுவும் வாயில் அன்றி உடலில் முள் மாட்டி வந்தமையால், வீக்லியே சாதனைக்கு விண்ணப்பிக்காமல் ஏரியில் விட்டார். பிடித்தவரே விட்டதை ஆய்வு பற்றிக்கொள்வது முறையன்று.

2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரீட்டா பிடித்தது 22 பவுண்டு 4.97 அவுன்சு. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்சு. உலகச் சாதனைகளைப் பதியும் ஐ.ஜி.எஃப்.ஏ. சங்கத்தின் விதிப்படி, 25 பவுண்டுக்குக் குறைந்த மீன் பழைய சாதனையை வெல்ல 2 அவுன்சேனும் மிகுந்திருக்க வேண்டும். மிகுந்தது ஓர் அவுன்சுக்கும் குறைவு ஆதலால் இருவரும் சமம் என அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு முன் குரீட்டா பொய்யறியும் கருவிச் சோதனைக்கு உட்பட்டுத் தேறினார். இச்சோதனை மேற்கோள் காட்டும் ஆய்வாளர்களுக்கு இதுவரை விதிக்கப்படவில்லை என்பது இத்துறையினர் அனைவர்க்கும் ஆறுதல். குரீட்டாவின் இரை உயிருள்ள புளூகில் மீன், விலக்கப்பட்டது.

எஞ்சுவது பெர்ரி. மழையால் வயல் வேலை நின்ற நாளில், 20 வயதுக் குடியானவரான அவர் நண்பரோடு ஏரிக்குப் போனார் என்றும், இருவரிடமும் சேர்த்து ஒரே கோலும் ஒரே ரீலும் ஒரே பொய்யிரையுமே இருந்தன என்றும், முறைவைத்து வீசினர் என்றும் சொல்லப்படுகிறது. கோல் இரண்டேனும் இருந்தாலன்றித் தேர்வு என்னும் வினை நிகழாது. தேர்வு நிகழாத இடத்தில் தேர்வாய்வுக்கு வேலை இல்லை. அன்றியும், அம்மீனைப் பெர்ரியின் வீட்டார் சமைத்து உண்டுவிட்டமையால், மூலத்தை நேரில் பார்த்து எடையைச் சரிபார்க்கும் வாய்ப்பும் பிற்கால ஆய்வாளர்க்கு இல்லாமற் போயிற்று. ஆகவே அதுவும் விலக்கப்பட்டது.